உஷார்! உங்கள் பிரசிடெண்டை வேறு யாரோ தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்

தளி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு டீக்கடை. விடிந்தும் விடியாத நேரம். வெள்ளைக்காரன் இந்த ஊருக்குச் 'சின்ன இங்கிலாந்து' என்று பேர் வைத்தது ஏன் என்று அந்தக் குளிரில் நின்றால் தெரியும். ஆனேக்கல் வழியாகப் பெங்களூரு போகிற வண்டியில் ரோஜாக் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. பெஞ்சில் நாலு பேர். ஒருவர் தெலுங்கில் கேட்கிறார், பக்கத்தில் இருப்பவர் கன்னடத்தில் பதில் சொல்கிறார், டீ ஆற்றுகிறவர் தமிழில் "சர்க்கரை கம்மியா?" என்கிறார். வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கை. இங்கே யாரும் கவனிப்பதுகூட இல்லை. 'அண்ணா' என்று கூப்பிட்டால் மூன்று பாஷைக்காரரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேச்சு உள்ளாட்சித் தேர்தல் பக்கம் போனது.

"இந்தத் தடவை நம்ம பஞ்சாயத்து ரிசர்வ் ஆயிடும்னு சொல்றாங்கண்ணா."

"ஆனா ஆயிட்டுப் போவுது. நம்ம தோட்டத்துல தண்ணி கட்டுறானே, அவன் பொண்டாட்டியை நிறுத்திட்டாப் போச்சு. அது கையெழுத்துப் போடட்டும். மத்ததை வைஸ் பார்த்துக்குவாரு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. நானும் டீயைக் குடித்துவிட்டு, காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடைசியாக ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தலைவர் இல்லாத காலத்தில் ஊர் சும்மா இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தலைவரை 'ஏற்பாடு' செய்கிற வேலை அறிவிப்புக்குப் பல மாதம் முன்பே, இப்படி ஒரு பெஞ்சில், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வாக்குப்பதிவு அன்று இளஞ்சிவப்புச் சீட்டை மடித்துப் பெட்டியில் போடுகிறவர், வேறு யாரோ எப்போதோ எடுத்த முடிவுக்கு முத்திரை குத்துகிறார், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் ஆறு. அதில் தனித் தொகுதி ஊத்தங்கரை ஒன்றுதான். தளியிலிருந்து பார்த்தால் அது மாவட்டத்தின் அந்தக் கோடி. தளித் தொகுதி கட்சி மாற்றுவதில் கைதேர்ந்தது: 2001-ல் பா.ஜ.க., 2006-ல் சுயேச்சை, 2011-ல் இந்திய கம்யூனிஸ்ட், 2016-ல் தி.மு.க., 2021-ல் மறுபடி கம்யூனிஸ்ட். கொடி மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு தலித் பெண்ணோ ஓர் இருளர் இளைஞரோ சட்டம் ஒதுக்கிய ஒரு நாற்காலியில் உட்கார வழி இருக்கிறது என்றால், அது பஞ்சாயத்து ஆபீசில்தான். அந்த வழியையும் பெஞ்சிலேயே அடைத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

இங்கே ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019-ல் ரிசர்வ் பஞ்சாயத்தில் ஜெயித்த முன்னாள் தலைவி. பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம்; அவர் இன்னும் அதே ஊரில்தான் குடியிருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், எழுந்துபோய்க் கேழ்வரகு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். தேதி, தொகை, என்ன பில் என்று வரிசையாகக் குறித்திருந்தார். எல்லாம் கன்னட எழுத்தில்.

"நான் படிச்சது கன்னட ஸ்கூலுங்கண்ணா. தமிழ் பேசுவேன், படிக்கத்தான் தடுமாறும். பேப்பர் வரும், கையெழுத்துப் போடச் சொல்வாங்க. போடுவேன். சீலு அவங்க வீட்டுல இருக்கும். அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தரு, 'ஏம்மா, நாளைக்குக் கணக்குல ஏதாச்சும் வந்தா உள்ள போறது நீதான், அவங்க இல்ல'ன்னாரு. அன்னிலேருந்து எழுதி வைக்கிறேன்."

இரண்டாவது வருஷம் ஒரு மோட்டார் பில்லில் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். பழைய மோட்டாருக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று பில் போட்டது அவருக்குத் தெரிந்துபோனது. அன்றைக்கு ஆபீஸ் வாசலில் இரண்டு வசவு விழுந்தன. ஒன்று சாதியைச் சொல்லி. அதை இங்கே எழுத மாட்டேன். இன்னொன்று: "தமிழே படிக்கத் தெரியாத உனக்குத் தமிழ்நாட்டுல என்னடி தலைவர் பதவி?" சொன்னவர் வீட்டில் பேசுகிற பாஷையும் தமிழ் இல்லை. தெலுங்கு.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். சாதியும் மொழியும் இங்கே வெவ்வேறு சண்டை என்று நினைக்கிறோம். அந்த வாசலில் இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில், ஒரே காரியத்துக்காக வந்தன: நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட.

ரிசர்வ் பஞ்சாயத்து எப்படிக் கை நழுவுகிறது என்பதை இனி கொஞ்சம் அக்கக்காகப் பார்ப்போம். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மக்கள்தொகை விகிதப்படி தலைவர் பதவிகளை ஒதுக்க வேண்டும், சுழற்சியில் மாற்ற வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1994-ல் சட்டம் வந்தது, 1996-ல் தேர்தல் நடந்தது, 2016-ல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் திருத்தப்பட்டது. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் துணைத் தலைவர் பதவி இருக்கிறதே, வார்டு மெம்பர்கள் தங்களுக்குள் கூடித் தேர்ந்தெடுக்கிற அந்த 'வைஸ்' பதவிக்கு இட ஒதுக்கீடு கிடையாது. ஊராட்சிப் பணத்தை எடுக்கவோ தலைவர், துணைத் தலைவர் இருவர் கையொப்பமும் வேண்டும். காசோலை போய் டிஜிட்டல் கையொப்பம் வந்த பிறகும் பூட்டுக்கு இரண்டு சாவி என்கிற ஏற்பாடு மாறவில்லை. ஊழலைத் தடுக்க நல்ல எண்ணத்தில் வைத்த பூட்டு இது. ரிசர்வ் பஞ்சாயத்தில் இதுவே தலைவரின் கழுத்தில் விழுகிற கயிறு. 'நீ எங்கள் பில்லுக்குப் போடு, இல்லாவிட்டால் உன் தெருவிளக்குக்கு நான் போட மாட்டேன்.' ஊரே தலைவர் தேர்தலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது, காரியக்காரர்கள் வார்டுகளைச் சத்தமில்லாமல் பிடித்து வைஸைத் தங்கள் ஆளாக ஆக்கிக்கொள்வது இதற்காகத்தான். பல வார்டுகள் போட்டியே இல்லாமல் 'அன்னப்போஸ்ட்' ஆகிவிடுவதையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு விளங்கும்.

அன்னப்போஸ்ட் என்றதும் சிலர் பெருமைப்படுகிறார்கள்: "எங்க ஊரு ஒத்துமை சார், தேர்தலே கிடையாது." ஒற்றுமை நல்லதுதான், யாருக்கு யாரோடு ஒற்றுமை என்று கேட்டுவிட்டுப் பெருமைப்படுவோம். 2019 தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்து மாநிலமே திரும்பிப் பார்த்தது. கோயிலுக்குக் கொடுக்கிறோம், குளத்துக்குக் கொடுக்கிறோம் என்பார்கள். கோயில் குளத்துக்குக் கொடுத்தவர் அடுத்த ஐந்து வருஷத்தில் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பது குழந்தைக்கும் தெரியும். ஏலம் கேட்க முடியாதவர் வீட்டிலிருந்து ஒருபோதும் தலைவர் வர மாட்டார் என்பது அதைவிட முக்கியம்.

இதெல்லாம் தெற்கே நடப்பது, நம் பக்கம் அப்படி இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவில் ரிசர்வ் பஞ்சாயத்தின் தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் சேர்த்து 6 பேரை 1997 ஜூன் 30-ல் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996-லிருந்து பத்து வருஷம் தலைவர் பதவி செத்துக் கிடந்தது. ஆளே நிற்க மாட்டார், அல்லது நின்று ஜெயித்து உடனே ராஜினாமா செய்வார். 2006-ல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்து, ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதற்குக் கலெக்டர் முதல் கட்சிகள், இயக்கங்கள் வரை ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் அரிவாள் எடுக்கவில்லை, சரி. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலும் யாரும் அரிவாள் எடுக்கவில்லை. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு போட்டோ வெளியே வந்ததால் நாடு அறிந்தது. அதே வருஷம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவியைச் சுதந்திர தினக் கொடி ஏற்ற விடவில்லை. 2022-ல் சுதந்திர தினம் வருவதற்கு முன், பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. கொடிக் கயிற்றை இழுக்க ஒரு கடிதம்! போட்டோ எடுக்காத ஊர்கள் எத்தனையோ. நான் பார்த்த அந்தத் தலைவிக்கும் நாற்காலி இருந்தது, பிளாஸ்டிக் நாற்காலி. சக்கரம் வைத்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார்.

அடுத்த உஷார், உங்கள் கைபேசிக்கு. தேர்தல் நெருங்க நெருங்க 'வந்தேறி' என்கிற சொல் வாட்ஸ்அப்பில் ஏறும். இவர் வீட்டில் என்ன பாஷை, இவர் தாத்தா எந்த ஊர், இவர் அந்தப் பக்கத்து ஆளா இந்தப் பக்கத்து ஆளா என்று குரல் பதிவுகள் வரும். இன்னாரைப் பிடிக்கவில்லை என்றால் அவர் போட்ட ரோட்டைப் பற்றிப் பேசலாமே? பேச மாட்டார்கள். ரோட்டைப் பற்றிப் பேசினால் பதில் வந்துவிடும். பிறப்பைப் பற்றிப் பேசினால் பதில் கிடையாது.

இந்த எல்லைக்கோடு வருவதற்கு முன்பே இந்த மூன்று பாஷையும் இங்கே இருந்தன. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கோடு வந்து ஊர்களுக்கு நடுவே விழுந்தது, ஊர்கள் நகரவில்லை. 2024-ல் கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றார். அதைப் பாராட்டினவர்களும் உண்டு, வைதவர்களும் உண்டு. என் கேள்வி வேறு. அவரைக் கேட்க வேண்டியது ஓசூருக்குக் கூடுதல் ரயில், தளிக்கு ஆஸ்பத்திரி, யானை மிதித்த வயலுக்கு இழப்பீடு. எந்த மொழியில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்.

'வந்தேறி' என்று வாய்கூசாமல் சொல்கிறவர்கள், அந்தச் சொல் தமிழர்களை என்ன செய்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கட்டும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். 1947 தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் உட்பட அவர்களின் ஆட்கள் பலர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த வருஷமே, 1948-ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அந்த மக்கள் சார்பில் ஒருவர்கூட இல்லை. தொண்டமான் மறுபடி தேர்தலில் ஜெயித்து உள்ளே போக 1977 ஆனது. வசவில் ஆரம்பித்தது வாக்காளர் பட்டியலில் போய் முடிந்தது. ஒரு சனத்துக்குச் சபையில் ஆள் இல்லாமல் போனால் அதன் பள்ளிக்கூடம், சம்பளம், வீடு எதற்கும் கேட்க நாதி இல்லாமல் போகும் என்பதற்கு மலையகத்து லயன் வீடுகளே சாட்சி.

இங்கேயும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தபோது, அத்திப்பள்ளியைத் தாண்ட முடியாமல் ஓசூர்ப் பக்கம் வண்டிகள் நின்றன. பெங்களூருவில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு இங்கிருந்து போன் போட்ட எத்தனையோ அம்மாக்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அங்கே அந்தப் பிள்ளை 'தமிழன்'; இங்கே அவன் அம்மா 'கன்னடக்காரி'. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் சட்டமன்றம் வரை அமளி ஆனது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனது. ஓசூர் சிப்காட்டிலும் கெலமங்கலம் பக்கத்துப் புதுக் கம்பெனிகளிலும் ஷிஃப்ட் முடிந்து இறங்குகிற ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகளை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடைக்கிற பழக்கம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அவர்களில் சிலர் இங்கேயே வீடு பிடித்து, குழந்தையை அங்கன்வாடியில் விட்டு, வாக்காளர் பட்டியலில் பேரும் ஏற்றிக்கொள்வார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் வார்டுக்கு நின்றால் என்ன சொல்லப் போகிறோம்? இப்போதே யோசித்து வைப்போம்.

மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்பது முறைகேடான தேர்தல் நடவடிக்கை என்பது நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான சட்டம். வேட்பாளருடையது மட்டும் இல்லை, வாக்காளரின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, குரல் பதிவு நம் பாக்கெட்டில் இருக்கிறது. அடுத்தவருக்கு அனுப்புகிற விரல் நம்முடையது.

இருளர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறிக் கிடக்கிறார்கள். மாவட்ட மக்கள்தொகையில் பழங்குடியினர் 2011 கணக்குப்படி 1 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். விகிதப்படி ஒதுக்கினால் பஞ்சாயத்துகளில் எத்தனை அவர்களுக்கு வரும்? விரல் விட்டு எண்ணலாம். ஆகவே ரிசர்வ் வரும் வரும் என்று காத்திருந்தால் ஆயுசு முடிந்துவிடும். 'பொதுப் பஞ்சாயத்து' என்றால் மற்ற சாதிக்காரர்களுக்கான பஞ்சாயத்து என்று இந்தப் பக்கம் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். உஷார், அது பொய்! பொது என்றால் எல்லோருக்கும். இருளர் நிற்கலாம், தலித் நிற்கலாம், பெண் நிற்கலாம். ஆண்களே நின்று பழகியதால் அது ஆண்களுடையது ஆகிவிடாது.

ஒதுக்கீட்டு இடத்தில் நிற்கிறவர்களுக்கு இன்னொரு பொறி: சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்குத் தாசில்தார் கொடுப்பார். பழங்குடியினருக்குக் கோட்ட அளவிலான அதிகாரி, இங்கே என்றால் ஓசூர் சார் ஆட்சியர், கொடுக்க வேண்டும். விசாரணை, அலைச்சல் எல்லாம் உண்டு. நாமினேஷன் தொடங்கிய பிறகு ஓடினால் கிடைக்காது. சான்றிதழ் கைக்கு வராமலேயே ஆளை வெளியேற்றுவது, அடிதடி இல்லாத, சத்தமில்லாத வழி. தேர்தல் தேதிக்குக் காத்திராமல் இப்போதே மனுப் போடுங்கள். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

வேறு ஆள் உட்கார்ந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த், அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்து கொண்டுவந்த சட்டத்தால் 2023 பிப்ரவரியில் அந்த நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். சாதி என்றால் என்ன என்று தெரிந்த ஓர் ஆள் மன்றத்தில் இருந்ததால் பேச்சு மேஜைக்கு வந்தது. நம் தலைவியும் தன் அளவில் ஒன்று செய்திருக்கிறார். இருபது வருஷமாகக் காலனியின் கடைசி இரண்டு கம்பத்துக்கு விளக்கு இல்லை. அவர் காலத்தில் எரிந்தது. அதற்குக் கையெழுத்து வாங்க ஐந்து மாதம் ஆயிற்றாம். தேதி நோட்டில் இருக்கிறது.

சட்டத்தில் பல் இருக்கிறது, யாரும் கடிக்க விடுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டியல் சாதி, பழங்குடி வாக்காளரை ஓட்டுப் போட விடாமல் தடுப்பது, வேட்பாளரை மனுத் தாக்கல் செய்ய விடாமலோ வாபஸ் வாங்க வைத்தோ மிரட்டுவது, முன்மொழிவதைத் தடுப்பது எல்லாம் குற்றம். ஜெயித்து வந்த தலைவரையோ உறுப்பினரையோ வேலை செய்ய விடாமல் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. சீலை வீட்டில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டுங்கள். புகார் சொல்ல 14566 என்கிற தேசிய உதவி எண் இருக்கிறது. போட்டோ, குரல் பதிவு, தேதி குறித்த நோட்டு எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். தெற்குத்திட்டையை வெளியே கொண்டுவந்தது ஒரே ஒரு போட்டோ.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன், மறுபடி நிற்பீர்களா என்று. நோட்டைச் சேலை முந்தானையில் துடைத்தார். "ரிசர்வ் வந்தா அவங்க வேற ஆளை நிறுத்துவாங்கண்ணா, என்னை விட மாட்டாங்க. பொதுவுல வந்தாலும் நிக்கிறேன். ஆனா முன்மொழிய ஆள் கிடைக்குமான்னுதான் தெரியல. போன தடவை அவங்களே கூட்டிட்டு வந்தாங்க."

2019 கணக்குப்படி தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர் என்றால் 300. அந்த அம்மாவிடம் 300 ரூபாய் இருக்கிறது. அதே ஊராட்சியின் வாக்காளர் ஒருவர் கையெழுத்துத்தான் இன்னும் வேண்டும். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கத்து வாசகர்களே, அறிவிப்பு வருவதற்குள் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். பேனாவை மறக்காமல் எடுத்துப் போங்கள்.